தீக்காவல்

ஸ்டெல்லா மாஸ்டரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். எட்டுத்திக்கு பறைக்குழுவில் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்பார்கள். அந்த வயசு அப்படி.

குழுவில் இருப்பதெல்லாம் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள். மாஸ்டருக்கே முப்பது வயசு ஆகவில்லை. யாராவது வாய் தவறி மிஸ் என்று கூப்பிட்டால், அதெல்லாம் பள்ளிக்கூடத்தோட சரி, இங்கே மாஸ்டர்தான் என்று சிரிப்பார்.

அன்று காலை அவர்கள் பறை பழகுகிற மைதானம் மைதானமாக இல்லை. சாயங்காலம் மாவட்டப் புத்தகத் திருவிழா தொடங்குகிறது. தொடக்க நிகழ்ச்சியே இவர்களுடைய பறைதான். பெரிய மேடை, பெரிய பெரிய விளக்கு, கலெக்டர் வருகிறார். கேட்கவா வேண்டும்? ஒருத்தன் மஞ்சள் துண்டை இடுப்பில் கட்டுகிறான், அவிழ்க்கிறான், மறுபடி கட்டுகிறான். இரண்டு பேர் பறை இல்லாமலே தொடையில் அடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். காலைச் சாப்பாட்டை ஒருத்தரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

சுகிர்தா மட்டும் ஆடவில்லை. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. முதல் வரிசையில் நடுவில் நிற்கவேண்டும் என்பது அவளுக்கு எத்தனையோ நாள் ஆசை. இன்றைக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது. கிடைத்ததற்குக் காரணம், அந்த இடத்துக்காரி ரோகிணி வருவதை நிறுத்திவிட்டாள் என்பதுதான். அதனால்தான் சோறு இறங்கவில்லை.

மாஸ்டர் பறைத் தோலைக் காய்ச்சுகிற தீயில் வைக்கோலைப் போட்டுக்கொண்டிருந்தார். சுகிர்தா பக்கத்தில் போய் நின்றாள்.

"மாஸ்டர், வீடியோவ டெலிட் பண்ணிட்டேன். ரோகிணிக்குத் தனியா சாரியும் அனுப்பிட்டேன். இன்னும் என்ன பண்ணா அவ வருவா?"

மாஸ்டர் நிமிரவில்லை.

"அந்த வீடியோவக் கொண்டா."

"அதான் டெலிட் பண்ணிட்டேனே மாஸ்டர்."

"கொண்டா."

சுகிர்தா முழித்தாள். பிறகு திரும்பி, குழுப் பையன் திலீபனிடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. பக்கத்தில் நின்றவளிடமும் இருந்தது. துண்டு கட்டிக்கொண்டிருந்தவனிடம் இரண்டு விதமாக இருந்தது, ஒன்றில் பாட்டுச் சேர்த்திருந்தார்கள். இவள் அழித்தது இவளுடைய போனில் மட்டும்தான்.

அந்த வீடியோவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பள்ளி ஆண்டு விழா. தூறல். ரோகிணி தனியாக அடிக்கவேண்டிய கட்டத்தில் அவளுடைய பறை ஈரத்தில் ஆறிவிட்டது. ஆறின பறை பேசாது, முனகும். பொத்து பொத்து என்று கேட்டது. சுகிர்தா அதை எடுத்து, "சாம்பார் வாளி கச்சேரி" என்று பேர் வைத்து, குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். பக்கத்து ஸ்கூல் குழுப் பிள்ளைகளும் அதில் உண்டு. சும்மா விளையாட்டுக்குத்தான். குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ அதை எடுத்து வேறொரு பக்கத்தில் ஏற்றினார்கள், ஊர் சிரித்தது. ‘ரோகிணி வெளியேறினார்’ என்று குரூப்பில் ஒரு வரி வந்தது. அதற்குக் கீழேயும் சிரிப்புப் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சிங்கப் படம் வைத்த ஒருத்தன், இது யாரு, எந்த ஸ்கூல், எந்த ஸ்டாப்புல ஏறும் என்று குரூப்பிலேயே கேட்டான். கேட்ட வாய்க்குச் சுகிர்தா எல்லாம் சொன்னாள். மறுநாள் காலையில் பேருந்து நிறுத்தத்தில் யாரோ பையன்கள் பைக்கில் வந்து நின்று, பெட்ரோல் டேங்கில் பொத்து பொத்து என்று தட்டினார்கள். ரோகிணி வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். அதற்குப் பிறகு பள்ளிக்கு அப்பாவோடு போகிறாள், வருகிறாள். பறைக்கு வருவதில்லை.

மாஸ்டர் திலீபனின் போனை வாங்கினார். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள்.

"இது யாரு?"

"ரோகிணி மாஸ்டர்."

"என்ன பண்றா?"

"அடிக்கிறா."

"இப்ப?"

பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். சத்தத்தோடு பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. சத்தம் இல்லாமல் பார்க்கும்போது ரோகிணியின் இடது கை தெரிந்தது. அந்தக் கை குச்சியைத் தலைக்கு மேலே தூக்கியது. இறக்கி அடித்தது. மறுபடி தூக்கியது. கண் மேடையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அதை டான்ஸ் என்று நினைத்துத்தான் இவர்கள் சிரித்தார்கள்.

குச்சியைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று இந்தக் குழுவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒருத்தர் மேடை ஏறமாட்டார். தீப் பக்கத்தில் காய்ச்சின பறையோடு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பேர் தீக்காவல். ஆடுகிறவர்களில் யாருடைய பறையாவது ஆறினால் குச்சியைத் தூக்குவார்கள். தீக்காவல்காரர் ஓடிப்போய்ச் சூடான பறையைக் கொடுத்து, ஆறினதை வாங்கிக்கொண்டு வரவேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கைதட்டும் கிடைக்காது, அதனால் பிள்ளைகளுக்கு அந்த வேலை வேப்பங்காய்.

"அன்னைக்குத் தீக்காவல் யாரு?" என்று கேட்டார் மாஸ்டர்.

தீ படபடவென்று எரிந்தது. சுகிர்தா தலையைக் குனிந்தாள்.

"இத எடுத்தது யாரு?"

 அதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் இப்போதுதான் உறைத்தது. பறையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கவேண்டிய கை, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சுகிர்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கும் அது இப்போதுதான் தெரிகிறது என்பதுதான் கொடுமை.

மாஸ்டர் அவளைத் திட்டவில்லை. போனைத் திலீபனிடம் கொடுத்து, அந்தச் சிங்கப் படம் யாருடைய ஃப்ரெண்டு என்று கேட்டார். திலீபன்தான் குரூப்பின் அட்மின். சிங்கப் படக்காரன் சுகிர்தாவின் ஃப்ரெண்டு என்று திலீபன் நினைத்திருந்தான். சுகிர்தா பக்கத்து ஸ்கூல் குழுவில் யாரோ என்று நினைத்திருந்தாள். மற்றவர்கள் திலீபன் சேர்த்த ஆள்தானே என்று நினைத்திருந்தார்கள். ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் அவனைத் தெரியாது.

"நம்ம வரிசைக்குள்ள ஒருத்தன் பறையோட வந்து நின்னா, யாருடா நீன்னு கேப்பீங்களா, மாட்டீங்களா?"

திலீபன் அவனைக் குரூப்பிலிருந்து எடுத்தான். பேருந்து நிறுத்தத்து விஷயத்தைக் கேள்விப்பட்ட அன்றைக்கே மாஸ்டர் ரோகிணியின் அம்மாவோடு போய்க் காவல் நிலையத்தில் சொல்லியிருந்தார். குரூப்பில் அவன் கேட்ட கேள்வியையும் சுகிர்தாவின் பதிலையும் அப்படியே போனில் வைத்திரு, காட்டவேண்டி வரும் என்று திலீபனிடம் சொன்னார்.

சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ரோகிணி வீட்டுக்குப் போறேன் மாஸ்டர்."

"போய்?"

"சாரி சொல்றேன்."

"அதான் சொல்லிட்டியே. அவ காதுல சொன்ன. சிரிச்சது எங்க?"

சுகிர்தா போனைப் பார்த்தாள். குரூப்பைப் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"அங்க சொன்னா, இப்ப என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க மாஸ்டர்."

"சிரிப்பாங்க."

"அப்ப?"

மாஸ்டர் தீக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காய்ந்த பறை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தீக்கிட்ட நான் இருக்கேன். நீ போடு."

சுகிர்தா தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கடைசியில் போட்டது இவ்வளவுதான். அன்னைக்குத் தீக்காவல் நான். ரோகிணி குச்சியைத் தூக்கினாள். நான் ஓடாமல் வீடியோ எடுத்தேன். அவளுடைய ஸ்டாப்பை யாரென்றே தெரியாதவனுக்குச் சொன்னதும் நான்தான்.

போட்டு முடித்து ஒரு மூச்சு விடவில்லை, பக்கத்து ஸ்கூல் பையன் ஒருத்தன் சிரிப்புப் பொம்மை போட்டான். அப்போ நீதான் சாம்பார் வாளியா என்று கேட்டான். சுகிர்தாவின் கை அதை அழிக்கப் போனது. அதற்குள் பக்கத்தில் டிங் என்று சத்தம். துண்டு கட்டிக்கொண்டிருந்தவன் போட்டிருந்தான்: பாட்டுச் சேர்த்து வெளியில் ஏற்றினது நான், எடுத்துவிட்டேன். இன்னொரு டிங். நானும் சிரித்தேன், குச்சியைப் பார்க்கவில்லை. அப்புறம் டிங் டிங் என்று மைதானம் முழுக்கச் சத்தம்தான். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்புப் பொம்மை போட்டவனிடமிருந்து அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

இப்போது எல்லாருக்கும் கால் பரபரத்தது. எல்லாரும் போவோம், பறையோடு போவோம், அவள் தெருவிலேயே அடிப்போம், தூக்கிக்கொண்டு வருவோம் என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

"அத்தன பேரு போய் நின்னா, வரமாட்டேன்னு சொல்ல நெனச்சாலும் அவளால சொல்ல முடியாது" என்றார் மாஸ்டர். "ஒருத்தர் போனாப் போதும்."

சுகிர்தா போனை மாஸ்டரின் மடியில் வைத்தாள். திலீபனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஒரே மிதி மிதித்தாள்.

ரோகிணி வாசல் குழாயில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் முன்னாலேயே வந்துவிட்டது. குரூப்பில் போட்டதை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். கெட்டது பறக்கிற வேகத்தில் ஒரு நாளாவது நல்லதும் பறந்ததே.

சுகிர்தா சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள்.  ரோகிணி குடம் நிறையும்வரை அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. நிறைந்ததும் குழாயை மூடினாள்.

"இன்னைக்குத் தீக்காவல் யாரு?"

"நான்."

"முதல் வரிசை நடுவுல?"

"அது உன் இடம்டி."

"போன்?"

"மாஸ்டர்கிட்ட இருக்கு."

ரோகிணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நான் உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத என்றாள். சுகிர்தா தலையை ஆட்டினாள். ரோகிணி உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த பறையை எடுத்து வந்தாள். தோலை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நல்லா ஆறிப்போச்சு" என்றாள். "தீ எரியுதா?"

"எரியுது. வா."

சாயங்காலம் அடித்த அடியைச் சொல்லவேண்டுமே! மஞ்சள் துண்டுகள் இரண்டு வரிசையாக ஏறினதுமே திருவிழா மைதானம் அடங்கிப்போனது. முதல் அடி விழுந்தது. புத்தகக் கடைகளில் நின்றவர்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார்கள். இரண்டாவது நடைக்குச் சின்னப் பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறி நின்றன. மூன்றாவது நடையில் கலெக்டரின் கால் தாளம் போட்டது, எல்லாரும் பார்த்தார்கள். பார்க்குமிடமெல்லாம் தூக்கிப் பிடித்த போன்கள்.

ரோகிணி தனியாக முன்னுக்கு வந்தாள். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று ஒன்று சரியாக அந்த நேரம் பார்த்து வீசியது. இரண்டு சுற்று நன்றாகப் பேசிய பறை, மூன்றாவதில் குரல் தாழ்ந்தது. ரோகிணியின் இடது கை மேலே எழுந்தது.

எழுந்த கை உச்சிக்குப் போவதற்குள் சுகிர்தா அங்கே நின்றாள். கைக்குக் கை பறை மாறியது. ஓர் அடிகூடத் தவறவில்லை. சூடான தோலில் ரோகிணி அடித்த அடுத்த அடி இடி மாதிரி விழுந்தது. கூட்டம் அதையும் ஆட்டத்தில் ஒன்று என்று நினைத்து விசிலடித்தது. ஆறின பறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தீக்கு ஓடுகிற பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு முதல் வரிசையில் நின்றிருந்தால் கிடைத்திருக்குமா, எனக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்து, பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ரோகிணியை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். மாஸ்டர் தீயில் தண்ணீர் தெளித்து அணைத்தார். சுகிர்தா முகமெல்லாம் கரியோடு வந்தாள். மாஸ்டர் அவளுடைய போனை நீட்டினார். வாங்கினவள் போகவில்லை.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"இங்க குச்சியத் தூக்குனா கண்ணுக்குத் தெரியுது, ஓடிடலாம். குரூப்புல யாரு குச்சியத் தூக்குறாங்க? அங்க எப்படித் தெரியும்?"

இந்தத் தடவை மாஸ்டர் வேலை எதுவும் கொடுக்கவில்லை.

"‘ரோகிணி வெளியேறினார்’னு ஒரு வரி வந்துச்சே. அது என்ன?"