விடத் தெரியாத உடும்பு

நாணல் மடுவின் கரையில் ஓர் உடும்பும் ஒரு சருகுமானும் வாழ்ந்தன. இரண்டும் ஒரே சடுகுடு அணி. ஆனால் சருகுமானைக் கண்டாலே உடும்புக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு பங்குனியிலும் மடுக்கரை விலங்குகளுக்கும் மலைச்சரிவு விலங்குகளுக்கும் சடுகுடுப் போட்டி நடக்கும். வென்றவர்களுக்குக் கோடை முழுவதும் மடுத் தண்ணீர். தோற்றவர்கள் கொதிக்கும் பாறைக்காட்டைத் தாண்டி ஆற்றங்கரைக்குக் குடிபோக வேண்டும். சில வருடங்களாக மடுக்கரைதான் வென்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மாலை விழுந்தது சருகுமானின் கழுத்தில்!

பாடிப் போகிறவனுக்குத்தான் மாலை என்பது அந்தக் காட்டு வழக்கம். மடுக்கரைக்காக "சடுகுடு சடுகுடு" என்று மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டுவது சருகுமான்.

உண்மையைச் சொன்னால் சருகுமான் அப்படி ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. கோட்டைத் தாண்டும். இந்தப் பக்கம் நாலு எட்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு வைக்கும். யாராவது அசந்திருந்தால் தொடும். இல்லையென்றால் போன வழியே திரும்பிவிடும். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். அது இதுவரை பிடிபட்டதே இல்லை என்பது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது.

ஆட்களைச் சாய்ப்பதெல்லாம் உடும்புதான். எதிரி பாடி வந்தால் காலைப் பிடிக்கும். பிடித்தால் பிடித்ததுதான்! "விடு! விடு!" என்று எதிரணி முழுவதும் கத்தும். அவர்கள் கத்தக் கத்த உடும்பின் பிடி இறுகும். மூச்சு முட்டிப் பாட்டு நின்றதும் ஆள் அவுட்.

போன வருடம் சருகுமான் மாலையோடு மடுவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கொஞ்சம் அலட்டல்தான், மறுப்பதற்கில்லை. சாயங்காலம் பசித்ததும் அந்த மாலையைத் தின்றுவிட்டது. உடும்பு பூவைத் தின்னாது. ஆனாலும் அந்தச் சாமந்தியெல்லாம் சருகுமானின் வாய்க்குள் போவதைப் பார்த்ததிலிருந்து உடும்புக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

தன் குமுறலை அது ஓணானிடம் போய்க் கொட்டியது.

"பிடிக்கிறது நான், மாலை அவனுக்கா? நீயே நியாயத்தைச் சொல்லு!"

ஓணான் தலையை ஆட்டியது.

"நானே பாடிப் போனா அவனைவிட நல்லா ஆடுவேன். ஆடுவேனா இல்லையா?"

ஓணான் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டியது. ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது காட்டில் எல்லாருக்கும் தெரியும். உடும்புக்கும் தெரியும். பொறாமை வந்தால் தெரிந்ததும் தெரியாமல் போய்விடுகிறது!

பங்குனி பிறந்தது. மடுக்கரை அணியில் உடும்பு, சருகுமான், முயல், கீரி, மயில். முயலுக்கு அப்போதுதான் குட்டிகள் பிறந்திருந்தன. அவற்றுக்குச் சரியாகத் தத்தக்கூடத் தெரியாது.

"அண்ணே, இந்த வருஷம் மட்டும் எப்படியாவது ஜெயிச்சுடணும். இதுங்களைத் தூக்கிக்கிட்டு அந்தப் பாறையில நான் எப்படி நடப்பேன்?" என்றது முயல்.

"நான் இருக்கேன் தங்கச்சி, கவலைப்படாதே!" என்று வாக்குக் கொடுத்தது உடும்பு.

கோட்டருகே கொக்கு ஒற்றைக் காலில் நடுவராக நின்றது. ஆட்டம் தொடங்கியது. மலைச்சரிவிலிருந்து மரநாய் பாடி வந்தது. உடும்பு பிடித்தது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. அதையும் பிடித்தது. நடுவில் சருகுமான் போவதும் வருவதுமாக இருந்தது. ஆனால் முயலும் கீரியும் மயிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடப்பட்டு வெளியேறின.

கடைசியில் மலைச்சரிவில் மிஞ்சியது காட்டுப்பன்றி மட்டும். மடுக்கரையில் உடும்பும் சருகுமானும். பாடிப் போக வேண்டியது மடுக்கரையின் முறை.

சருகுமான் மெதுவாகச் சொன்னது: "அண்ணே, நான் சும்மா போயிட்டு வந்துடறேன். அப்புறம் பன்றி பாடி வந்தே ஆகணும். நீங்க பிடிச்சுடுங்க. அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சுது!"

நல்ல யோசனைதான். ஆனால் உடும்பின் காதில் 'சும்மா' என்ற ஒரு சொல்தான் விழுந்தது.

"சும்மா போயிட்டு வருவே, மாலை உனக்கு! நான் பிடிக்கணும், நீ மாலையைத் தின்னணும், அப்படித்தானே?"

"மாலைதானே அண்ணே? இந்தத் தடவை நீங்களே போட்டுக்குங்க!"

"எனக்கே பிச்சை போடறியா? தள்ளு! நானே பாடிப் போறேன்!"

"சரி அண்ணே, போங்க. ஆனா தொட்டதும் விட்டுட்டு ஓடி வந்துடணும்..."

"எனக்குப் பாடம் நடத்தாதே!"

"சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று உடும்பு கோட்டைத் தாண்டியது. கூட்டம் வாய் பிளந்தது. உடும்பு பாடிப் போவதை யாரும் பார்த்ததில்லை! பன்றி கொஞ்சம் மிரண்டுதான் போனது. பின்வாங்கப் பார்த்துக் கால் இடறியது. உடும்பு பாய்ந்து அதன் பின்னங்காலைத் தொட்டது.

தொட்டுவிட்டது! இனி நாலு எட்டு ஓடிவந்தால் போதும். வெற்றி, மாலை, மடு எல்லாம் கையில்!

ஆனால் காலைத் தொட்டதும் உடும்பின் நகங்கள் தாமாகவே இறுகின. பழக்கதோஷம்! ஆயுள் முழுக்கப் பிடித்தே பழகிய கை, தொட்டுவிட்டு விட்டுவிடுமா?

"விடுங்க அண்ணே! விட்டுட்டு வாங்க!" என்று சருகுமான் கத்தியது.

"விடு! விடு!" என்று முயலும் கீரியும் மயிலும் கத்தின.

ஐயோ பாவம்! 'விடு' என்ற சொல் காதில் விழுந்தால் உடும்பு என்ன செய்யும்? இன்னும் இறுக்கிப் பிடித்தது. பன்றிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இழுப்பதை நிறுத்திவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது.

"சடுகுடு சடுகு... சடு..."

மூச்சு விட்டது. கொக்கு மடக்கிய காலைக் கீழே ஊன்றியது. "உடும்பு அவுட்!"

அடுத்துப் பன்றி பாடி வந்தது. பிடிப்பதற்குச் சருகுமானைத் தவிர யாரும் இல்லை. அது ஒதுங்கி நிற்கவில்லை. பாய்ந்து பன்றியின் வாலைக் கவ்வியது. பன்றி பாடிக்கொண்டே அதையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஆட்டம் முடிந்தது. மடுவும் போனது.

மறுநாள் மடுக்கரை விலங்குகள் பாறைக்காட்டில் நடந்தன. வெயில் காலைச் சுட்டது. உடும்பு முயலின் குட்டிகளைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு கடைசியாக வந்தது. குட்டிகள் அதன் தோலை இறுகப் பிடித்திருந்தன. முயல் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் உடும்பை இன்னும் வாட்டியது.

வழியில் ஒரு பாறைமேல் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"நீதானேடா அன்னிக்குத் தலையாட்டினே?" என்று உடும்பு சீறியது.

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

சருகுமான் நின்று, உடும்புக்காகக் காத்திருந்து, கூடவே நடந்தது. நடந்துகொண்டே உடும்பு முணுமுணுத்தது.

"நீ ஒண்ணும் பெரிய ஆட்டக்காரன் இல்லைடா."

"இல்லைதான் அண்ணே. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் தைரியமா வெறுங்கையோட திரும்பி வருவேன். ஜெயிக்க வெச்சது நீங்கதான்."

"அப்புறம் உனக்கு எதுக்குடா அந்த மாலை?"

"அந்த மாலையில பாதி உங்களுக்குச் சேர வேண்டியதுதான் அண்ணே. ஆனா மீதி பாதி, பிடிபடாம எதிரியை விட்டுட்டுத் திரும்பி வந்தேனே, அதுக்கு."

உடும்பு நின்றது. திரும்பிப் பார்த்தது. தூரத்தில் மடுவின் தண்ணீர் பளபளத்தது. அதன் கரையில் மாலையும் கழுத்துமாகப் பன்றி புரண்டுகொண்டிருந்தது.

அடுத்தவன் கழுத்தில் விழுந்த மாலையை மனத்தில் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவன், தன் கையில் இருந்த வெற்றியையும் இழப்பான்.