ஒரே காடு, ஒரே குரல்

ஒரு காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. பெரும்பாலும் ஆழமும் சுழலுமாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் முழங்காலளவு தண்ணீர். அந்த இடத்தைத் துறை என்பார்கள். காலையில் இக்கரையில் மேய்ந்த விலங்கு மாலையில் அக்கரையில் படுத்திருக்கும். 'நீ எந்தக் கரை?' என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

அந்தக் காட்டில் மருளி என்றொரு புள்ளிமான் இருந்தாள். சருகு அசைந்தாலும் காதை நிமிர்த்துகிற பயந்த சுபாவம். அவளுடைய தங்கை துள்ளி அதற்கு நேர்மாறு. பயம் என்பதே தெரியாது. அக்கா வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தங்கை போய்விட்டு வந்திருப்பாள்.

அங்கே ஒரு சிறுத்தையும் இருந்தது. ஆனால் அதன் வயிறு பாதிநாள் காலியாகவே கிடந்தது. காரணம், அந்தக் காட்டின் குரல்கள். உச்சிக்கிளையிலிருந்து குரங்குகள் அதைப் பார்த்துவிட்டால் இருமுவதுபோல் செருமும். காற்றில் அதன் வாடை வந்தால் மான்கள் கூவும். புதர் அசைந்தால் மயில்கள் அகவும். எந்தக் குரல் கேட்டாலும் எல்லா விலங்கும் ஓடும். குட்டிகள் பால் குடிக்கிற காலத்திலேயே மூன்று குரல்களையும் தெரிந்துகொண்டுவிடும்.

காட்டின் தலைவன் தோகையன் என்ற மயில். மழை வருவதை முதலில் அறிந்து சொல்வதால் அவனைத் தலைவன் ஆக்கியிருந்தார்கள். நல்லவன்தான். ஆனால் தன் அழகின்மேல் அவனுக்குத் தீராத மோகம்.

அந்த ஆண்டு முதல் மேகம் திரண்டபோது, தோகையன் தோகையை விரித்து ஆடத் தொடங்கினான். காடே கூடி நின்று பார்த்தது. ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில், நெடுவாலன் என்ற குரங்கு மரத்திலிருந்து செருமினான். சிறுத்தை வருகிறது என்று அர்த்தம். கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம் கலைந்தது. தோகையனும் பறக்க வேண்டியதாயிற்று.

உயிர் பிழைத்தது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆட்டம் கெட்டதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாள் எல்லாரையும் கூட்டினான்.

"நம்முடையது ஒரே காடு. ஒரே காட்டுக்கு எதற்கு இத்தனை குரல்? கேட்கிறவர்களுக்குக் குழப்பம்தான் மிச்சம். இனி எச்சரிக்கை சொல்வதென்றால் மயிலின் குரலில்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பேசாமல் இருந்தால் போதும். அதுதான் ஒற்றுமை" என்றான்.

ஒற்றுமை என்ற சொல் காதுக்கு இனிமையாக இருந்தது. பல விலங்குகள் தலையாட்டின. மருளிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் எழுந்து சொல்லத் துணிவில்லை. தலை குனிந்து நின்றாள்.

நெடுவாலன் கிளையிலிருந்து இறங்கி வந்தான். அவனுக்கு ரோஷம் அதிகம்.

"எங்களுக்கு அகவ வராது, தலைவரே."

"வராவிட்டால் பேசாமல் இரு."

"பேசாமல் இருப்பதற்கு இங்கே எதற்கு இருக்க வேண்டும்?" என்றான் நெடுவாலன். அன்றே குரங்குகள் எல்லாம் ஆற்றைத் தாண்டி அக்கரை மரங்களுக்குப் போயின. போனவன் சும்மா இருக்கவில்லை. "இது தனிக்காடு. இங்கே செருமல் மட்டும்தான் பேச்சு. அகவலும் வேண்டாம், கூவலும் வேண்டாம்" என்று அவனும் ஒரு சட்டம் போட்டான்.

கோபம் வந்த தோகையன் துறையில் காட்டுப்பன்றிகளைக் காவல் வைத்தான். "இன்று எந்தக் கரையில் யார் இருக்கிறார்களோ, அவர்கள் அந்தக் கரையார். யாரும் தாண்டக் கூடாது" என்றான்.

அன்று காலையில்தான் துள்ளி அக்கரைக்குப் போயிருந்தாள். அப்போது அவள் சினை. வாய்க்கு ருசியாக அத்திப்பழம் வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனவள், மாலையில் திரும்பத் துறைக்கு வந்தபோது பன்றி குறுக்கே நின்றது.

"அண்ணே, அது என் தங்கை. வயிற்றில் குட்டி இருக்கிறது. விட்டுவிடுங்கள்" என்று இக்கரையிலிருந்து மருளி கெஞ்சினாள்.

"எனக்குத் தெரியாதா மருளி? நேற்றுகூட என் குட்டிகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள்" என்றது பன்றி. "ஆனால் விடாதே என்று சொல்லியிருக்கிறார்கள். விடு என்று சொன்னால் விடுவேன்." சொன்னதைச் செய்வது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் துள்ளி நெடுநேரம் நின்றாள். வாயைத் திறந்தாள். கூவக் கூடாது என்பது நினைவுக்கு வர, மூடிக்கொண்டாள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். மருளிக்கு அக்கரை பச்சையாகவும் தெரியவில்லை, காய்ந்ததாகவும் தெரியவில்லை. அங்கே தங்கை இருந்தாள். தினமும் வெயில் தாழ்ந்ததும் மருளி துறைக்கு வருவாள். துள்ளியும் வருவாள். ஒருத்தி தலை குனிந்து தண்ணீர் குடித்தால், மற்றவளும் அதே நேரத்தில் குடிப்பாள். ஒரே ஆற்றில், ஒரே நேரத்தில், ஒரே தண்ணீர். அது ஒன்றுதான் அவர்களுக்குள் மிஞ்சிய பேச்சு. தாகமே இல்லாத நாளிலும் மருளி வயிறு முட்டக் குடிப்பாள். தலையை நிமிர்த்திவிட்டால் அன்றைய பேச்சு முடிந்துபோகுமே.

இடையில் சில நாள் துள்ளி வரவில்லை. மருளிக்குப் புல் தொண்டையில் இறங்கவில்லை. பிறகு ஒரு மாலை துள்ளி வந்தாள், வயிறு ஒட்டியிருந்தது. அவள் கால்களுக்கு இடையில் ஏதோ சிறிதாக அசைந்தது. ஆண் குட்டியா, பெண் குட்டியா? காதில் புள்ளி உண்டா? அவ்வளவு தூரத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. கூவிக் கேட்கவும் சட்டம் விடாது. அன்று மருளி தண்ணீர் குடிக்கக்கூட மறந்து நின்றாள்.

சிறுத்தைக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. துறையும் தேவையில்லை. துறைக்குச் சற்று மேலே ஆற்றின் நடுவில் பாறைகள் இருந்தன. பாறைக்குப் பாறை தாவி, ஒருநாள் இக்கரை, ஒருநாள் அக்கரை என்று வேட்டையாடியது. இங்கே மயிலின் கண்ணுக்குப் படாமல் புல்லுக்குள் வந்தால் போதும். அங்கே குரங்கு பழம் தின்கிற நேரம் பார்த்து வந்தால் போதும். இரண்டு கரையிலும் கூட்டங்கள் இளைத்தன. அது மட்டும் கொழுத்தது.

ஒரு மாலை மருளி துறையில் நின்றபோது, அக்கரையில் குட்டி தாயைவிட்டுச் சற்று விலகி மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் காய்ந்த புல் ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்து எழுந்தது. காற்று அக்கரையிலிருந்து வீசியது. மருளியின் மூக்கில் அந்த வாடை ஏறியது.

துள்ளிக்கு அது தெரியவில்லை. அவள் நின்ற இடத்தில் காற்று வேறு பக்கம் போயிற்று. மரத்தின்மேல் நெடுவாலனின் முதுகுதான் தெரிந்தது. அத்திப்பழத்தில் மூழ்கியிருந்தான்.

மருளி காவல் பன்றியைப் பார்த்தாள். தோகையனின் சட்டத்தை நினைத்தாள். தலையைத் தூக்கிக் கூவினாள்.

பல மாதமாகக் கேட்காத குரல் அது. துள்ளி துடித்துப்போய்த் திரும்பினாள். ஆனால் குட்டி அசையவில்லை. அது பிறந்ததிலிருந்து தன் இனத்தின் குரலைக் கேட்டதே இல்லை. என்ன சத்தம் என்று ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றது.

நெடுவாலன் சட்டென்று நிமிர்ந்தான். கையிலிருந்த பழம் விழுந்தது. கீழே பார்த்தான், செருமினான். அந்தக் குரல் குட்டிக்குத் தெரியும். ஒரே பாய்ச்சலில் தாயிடம் ஓடிற்று. சிறுத்தையின் நகம் வெறும் மண்ணைக் கிழித்தது.

மருளிக்கு மூச்சு திரும்புவதற்குள், பின்னால் சிறகோசை கேட்டது. தோகையன் வந்து இறங்கினான். கோபத்தில் தோகை முழுதும் விரிந்திருந்தது.

"கூவியது யார்?"

"நான்தான், தலைவரே."

"சட்டம் தெரியாதா?"

"தெரியும். தங்கையின் குட்டி அங்கே நிற்கிறது."

"அது வேறு காட்டுக் குட்டி" என்றான் தோகையன். "இவளைத் துரத்துங்கள்."

பன்றிகள் தயங்கித் தயங்கி அவளைச் சூழ்ந்தன. மருளி கடைசியாக ஒருமுறை அக்கரையைப் பார்த்தாள். நெடுவாலன் கிளையில் எழுந்து நின்றிருந்தான். அவன் பார்வை அவள்மேல் இல்லை. அவளையும் தாண்டி, தோகையனுக்குப் பின்னாலிருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றில் வாடை இல்லாவிட்டாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பசியோடு சிறுத்தை பாறை தாவி வந்திருக்கிறது.

நெடுவாலன் வாயைத் திறக்கவில்லை. தன் குரலைப் பறித்தவன், பின்னால் என்ன வருகிறதென்று தெரியாமல் தோகை விரித்து நிற்கிறான். பேசாமல் இருந்தால் போதும். அதைத்தானே அவனும் சொன்னான்.

மருளி நெடுவாலனையே பார்த்தாள். 'நீ செருமித்தானே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்' என்று கேட்க நினைத்தாள். குரல் எழும்பவில்லை.

நெடுவாலன் செருமினான்.

தோகையனின் மூளை அந்தக் குரலைத் தடைசெய்திருந்தது. ஆனால் சிறகு அதையெல்லாம் யோசிக்கவில்லை. விருட்டென்று எழுந்தான். பாய்ந்த சிறுத்தையின் வாயில் சில பீலிகள் மட்டும் சிக்கின. பன்றிகள் கோரைப்பல்லைத் தாழ்த்திக்கொண்டு வர, அது புதருக்குள் மறைந்தது.

தோகையன் மரக்கிளையில் அமர்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கினான். பிறகு அக்கரையைப் பார்த்துக் கேட்டான்:

"உன் குரல் வேண்டாம் என்று சொன்னவன் நான். அது எப்படி எனக்கு இன்னும் புரிகிறது?"

"நீங்கள் வாய்க்குத்தான் சட்டம் போட்டீர்கள், நானும் அப்படித்தான்" என்றான் நெடுவாலன். "காதுக்கு யாரால் போட முடியும்?"

கீழே பன்றி அண்ணாந்து பார்த்தது.

"தலைவரே, நான் இப்போது என்ன செய்ய?"

"வழியை விடு" என்றான் தோகையன்.

மருளி துறையில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. இத்தனை நாளும் இவ்வளவு தண்ணீர்தான் நடுவில் இருந்ததா என்று தோன்றியது. அக்கரையில் துள்ளி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

குட்டி தாயின் கால்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டது. பெண் குட்டி. இடது காதோரம் ஒரு புள்ளி.

"யாரும்மா இது?"

"உன் பெரியம்மா."

மருளி அவசரப்படவில்லை. சற்றுத் தள்ளிப் படுத்துக் காத்திருந்தாள். வெயில் முழுதும் இறங்கிய பிறகு குட்டி மெல்ல வந்து, முகர்ந்து பார்த்து, அவள் விலாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டது. ஆசையோடு மருளி மெதுவாகக் குரல் கொடுத்தாள். குட்டி மிரண்டு எழுந்து தாயைப் பார்த்தது. அது என்ன சத்தம் என்று அதற்கு இன்னும் தெரியவில்லை. மருளி அதன் நெற்றியை நக்கிக் கொடுத்துவிட்டு, இன்னும் மெதுவாக, மறுபடியும் கூவினாள்.

நீதி: எல்லாரையும் ஒரே குரலில் பேசவைத்தால் நாடு பிரியும், ஒருவர் குரலுக்கு மற்றவர் காதுகொடுத்தால் நாடு சேரும்.