முள்ளி கேட்ட ஒரு கைப்பிடி விதை

முள்ளி என்ற முள்ளம்பன்றிக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். தாமரைக் குளத்துக் கரையில் காட்டு விலங்குகள் சேர்ந்து விதைத்த சாமையைத் தண்டுப்புழு இந்த வருஷமும் தின்று தீர்த்திருந்தது. கதிரை உருவினால் பதர்தான் உதிர்ந்தது. வளையில் இரண்டு குட்டிகள் பசியில் சிணுங்கின. சாமையை விட்டால் கோடைக்கு அவற்றுக்கு வேறு ஆகாரம் கிடையாது.

அந்த நேரத்தில் கீரி ஓடி வந்தது. அதன் வாயில் ஒரு துணி முடிப்பு.

"எல்லாரும் வாங்க! நம்ம பஞ்சம் தீர்ந்தது!" என்று முடிப்பைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியது.

"என்ன கீரியண்ணே அது?" என்று முள்ளி கேட்டது.

"புதுச் சாமை விதை! காட்டுக்கு வெளியே மனுஷங்க ஒரு தோட்டத்துல ஆராய்ச்சி பண்றாங்க. மண்ணுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இருக்காம். அதைத் தின்னா புழு செத்துப்போகுமாம். அந்தக் கிருமியோட குணத்தை மட்டும் எடுத்து இந்த விதைக்குள்ள வச்சிருக்காங்க. இனிமே தண்டுப்புழு ஒரு கடி கடிச்சா, அதோட கதை முடிஞ்சது!"

முள்ளிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் மரத்திலிருந்து மயில் தொப்பென்று குதித்தது.

"தொடாதீங்க! அது விஷம்! கிருமி புகுந்த சாமையைத் தின்னா குட்டிங்களுக்கு வால் முளைக்கும்!"

"என் குட்டிங்களுக்கு வால் ஏற்கெனவே இருக்கே மயிலண்ணே!"

"அப்போ இன்னொண்ணு முளைக்கும்!" என்றது மயில், கொஞ்சமும் அசராமல்.

முள்ளி கீரியிடம் திரும்பியது. "ஆராய்ச்சி முடிஞ்சுதா அண்ணே?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"நான் வேலி தாண்டுறப்போ அவங்க இன்னும் ஏதோ பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அதெல்லாம் தானா முடிஞ்சிரும்!"

முள்ளி தலையில் அடித்துக்கொண்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கு எதுவானாலும் குளத்துத் தவளைகளிடம் போகும். எந்தப் பக்கத்துக்குத் தவளைகள் அதிகச் சத்தமாகக் கத்துகின்றனவோ, அந்தப் பக்கம் ஜெயித்தது. சாமைக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் தவளைகள்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

கீரி கரையில் நின்று, "இந்த விதை வந்தா காடே பொன்னா விளையும்!" என்றது. தவளைகள் குளமே அதிரக் கத்தின. மயில் தோகையை விரித்து, "இந்த விதை வந்தா குளத்துத் தண்ணியே கெட்டுப்போகும்!" என்றது. தவளைகள் அதைவிடச் சத்தமாகக் கத்தின. கீரி மறுபடி பேசியது, தவளைகள் மறுபடி கத்தின. கீரிக்குச் சாமை பிடிக்காது. மயிலுக்கோ அடிவாரத்தில் நிலக்கடலைக் காடே இருந்தது. பசித்த குட்டிகள் இருந்தது முள்ளிக்கு மட்டும்தான். அதன் பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

"எனக்கு ஒரே ஒரு கைப்பிடி விதை கொடுங்க!" என்று முள்ளி கெஞ்சியது. "மலைக்குப் பின்னால ஒரு பாறைக் குழி இருக்கு. அங்கே விளையுறது இங்கே வந்து கலக்காது. அதுல விதைச்சுப் பார்க்கறேன். தண்டுப்புழு மட்டும் சாகுதா, தேனீயும் பட்டாம்பூச்சியும் சேர்ந்து சாகுதான்னு பார்ப்போம். விளைஞ்சதைக் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னு பார்ப்போம். ஒரு மழைக்காலம் பொறுங்க!"

இவ்வளவு நிதானமான பேச்சுக்குத் தவளை எப்படிக் கத்தும்? குளம் கப்சிப்பென்று கிடந்தது. கடைசியில் ஒரு கிழத் தவளை, "அப்படியே செய்யுங்கப்பா, எங்களுக்குத் தொண்டை வலிக்குது!" என்று சொல்லித் தண்ணீருக்குள் முங்கிவிட்டது.

முள்ளி பாறைக் குழியில் விதைத்தது. உதிர்ந்த தன் முட்களையே சுற்றிலும் நட்டு வேலி போட்டது. பயிர் முளைத்துப் பச்சை பிடித்தது. அதில் வந்து உட்காரும் ஒவ்வொரு பூச்சியையும் முள்ளி கண்கொட்டாமல் பார்த்தது.

கீரிக்குப் பொறுக்கவில்லை. விதை கொண்டுவந்த பெருமையைக் கொண்டாட அது ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டுமாம்! மிச்ச விதை முழுவதையும் பழைய விதையோடு கலந்து குளத்தங்கரை முழுக்க வீசிவிட்டது.

அதைக் கேட்ட மயிலுக்கு வெறி பிடித்தது. நேராகப் பாறைக் குழிக்குப் பறந்துபோய், முள்வேலியைத் தள்ளிவிட்டு, ஒரு பயிர் விடாமல் கிளறிப் போட்டது. குளத்தங்கரையைக் கிளற முடியாது, அது பெரிய இடம், கால் வலிக்கும். சின்னப் பாத்தி என்றால் வீரத்துக்கு வசதி.

தண்ணீர் கொண்டுவந்த முள்ளி அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பாவி மயிலே! நல்லதா கெட்டதான்னு கண்டுபிடிக்க இருந்த ஒரே இடம் இதுதானே! இதைப் போய் அழிச்சியே!"

"உன்னைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்!" என்றது மயில்.

முள்ளி கீரியிடம் ஓடியது. "நீ எதுக்கு அவசரப்பட்டே? எல்லா விதையையும் கலந்துட்டியே! இனிமே எது பழசு, எது புதுசுன்னு யாருக்குத் தெரியும்?"

"உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்!" என்றது கீரி.

குளத்தங்கரையில் கீரி வீசிய சாமை முற்றியது. கதிர் கனத்துத் தலை சாய்ந்தது. "தின்னுங்க, ஒண்ணும் ஆகாது!" என்றது கீரி. "தின்னா செத்தீங்க!" என்றது மயில்.

"உங்க ரெண்டு பேருக்கும் எப்படித் தெரியும்?" என்று முள்ளி கேட்டது.

"தெரியும்!" என்று இரண்டும் ஒரே குரலில் சொல்லின. அவை ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

குட்டிகள் கதிரைப் பார்த்து எச்சில் விழுங்கின. முள்ளி அவற்றைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு கதிரை ஒடித்துத் தானே தின்றது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்று தின்றது. பிறகு மரத்தடியில் படுத்தது. அதன் வயிறு கடமுடவென்றபோதெல்லாம் குட்டிகள் நடுங்கின. முள்ளிக்கும் பயம்தான். தனக்கு ஏதாவது ஆனால் இந்த இரண்டையும் யார் பார்ப்பார்கள் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே கிடந்தது.

மறுநாள் விடிந்தபோது முள்ளி உயிரோடுதான் இருந்தது. அதன் பிறகுதான் குட்டிகளைத் தின்ன விட்டது.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல!" என்று கீரி குதித்தது.

"இரு இரு, அடுத்த வருஷம் தெரியும்!" என்று மயில் கழுத்தை வெட்டியது.

முள்ளிக்கு வந்ததே கோபம்! "வாயை மூடுங்க ரெண்டு பேரும்! இந்த வருஷம் பட்டாம்பூச்சி குறைஞ்சு போச்சு. இந்தச் சாமையாலயா, மழை பிந்தினதாலயா? சொல்லுங்க பார்ப்போம்!"

கீரி வானத்தைப் பார்த்தது. மயில் தரையைப் பார்த்தது.

"சொல்ல முடியாதுல்ல? ஒரு பாறைக் குழியில பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டியதை என் வயித்துல பார்க்க வச்சுட்டீங்களே!" என்று சொல்லிவிட்டு முள்ளி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போனது.

புதியதைச் சோதித்துப் பார்க்கப் பொறுமையில்லாமல் கூத்தாடுகிறவர்களும் கூச்சல் போடுகிறவர்களும் ஒன்றுதான். இருவருக்காகவும் ஆபத்தைச் சுமப்பவர்கள் பசித்தவர்களே.