பதில் தெரியாத கேள்வியோடு வரவும்

“பரீட்சையை எடுத்துட்டீங்களே டீச்சர். இனி எதை வெச்சு எங்க பிள்ளையைத் தேர்ந்தெடுப்பீங்க?”

ஜெயக்கொடி உட்காரவே இல்லை. நின்றபடியே கேட்டாள். பக்கத்தில் அவள் மகள் கனிஷ்கா, பத்து வயசு. அடுத்த முறை எங்களுடையது. என் மகளோடு பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் நகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் தனித்திறன் பிரிவு என்று ஒன்று உண்டு. நாற்பதே இடம். வருஷா வருஷம் நுழைவுத் தேர்வு நடக்கும். அதற்காக மூன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை டியூஷனில் போட்டுப் பிழிந்தெடுப்போம். நான் மட்டும் என்ன யோக்கியம்?

இந்த வருஷம் தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டார். தேர்வு கிடையாது. பிள்ளைகள் தங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியோடு வந்தால் போதும்.

ஊரே கொதித்தது. மறுவாரமே டியூஷன் சென்டரில் கேள்வி எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மகளுக்கு ஐந்து வாங்கினேன். ஜெயக்கொடி பத்து.

“ரெண்டு வருஷமா விடியக்காலம் எழுப்பிக் கணக்குப் போட வெச்சேன் டீச்சர். எல்லாம் ஆத்துல கரைச்ச புளியாப் போச்சு.”

“உட்காருங்கம்மா. பாப்பா கேக்கட்டும்.”

கனிஷ்கா கைகட்டி நின்றாள். “வானம் ஏன் நீலமா இருக்கு மிஸ்?”

“நல்ல கேள்வி. உனக்குத் தெரியாதா?”

“தெரியும் மிஸ். சூரிய ஒளி காத்துல சிதறும். நீலம் அதிகமாச் சிதறும்.”

“அப்ப வேற கேளு.”

வேறு கேட்டாள். அதற்கும் பதில் வைத்திருந்தாள். பத்துக்கும் வைத்திருந்தாள். டியூஷன்காரர் பதிலோடு சேர்த்தே கொடுத்திருந்தார்.

“எல்லாம் தெரிஞ்ச பிள்ளைக்கு இடமில்லைன்னா இது என்ன நியாயம்?” ஜெயக்கொடியின் குரல் உடைந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

எஸ்தர் டீச்சர் கோபப்படவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். பெரியவர்கள் எவ்வளவு கத்தினாலும் அவர் பிள்ளையைத்தான் பார்ப்பார்.

“நிஜமாவே தெரியாதது ஒண்ணு இருக்குமே கண்ணு. அவசரமில்ல.”

கனிஷ்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வெளியே வரிசை முணுமுணுத்தது. டீச்சர் கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன பொறுமை அந்த மனுஷிக்கு!

“அரையாண்டுல கணக்குல மூணு மார்க் போச்சு. அம்மா ரெண்டு நாள் எங்கூடப் பேசல. இந்த இடம் கிடைக்கலைன்னா எத்தனை நாள் பேச மாட்டாங்க?”

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்து கனிஷ்காவின் பெயரை எழுதினார்.

“இடம் கொடுத்தாச்சும்மா.”

ஜெயக்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் போனாள்.

“இருங்க. பிள்ளை கேட்டது அப்படியே நிக்குதே.”

டீச்சர் கரும்பலகைக்குப் போய் எழுதினார். 3 மார்க் – 2 நாள். அதற்குக் கீழே, இடம் – ? என்று போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தெட்டு வருஷம் கணக்கு நடத்தியவர்.

“எனக்கு வரல,” என்றார்.

சாக்பீஸை ஜெயக்கொடியிடம் நீட்டினார்.