சும்மா கிடந்த ஓடைகள்

மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலத்தில் மேட்டுப்புலம் என்றொரு நாடு இருந்தது. பெரிய ஆறு எதுவும் அந்த நாட்டில் இல்லை. மூன்று ஓடைகள் மட்டும் இருந்தன. நண்டோடை, நாணலோடை, புங்கோடை. எங்கும் கழுத்தளவுக்கு மேல் ஆழம் கிடையாது.

அந்த நாட்டு ராஜாவுக்கு ஒருநாள் விக்கல் வந்தது. முதல் நாள் தண்ணீர் குடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. இரண்டாம் நாள் மூச்சைப் பிடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. யாரோ தன்னை விடாமல் நினைக்கிறார்கள் என்று மூன்றாம் நாள் அவருக்குத் தோன்றியது. அரண்மனையில் எல்லோரும் தன்னை மறந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கும் நிற்கவில்லை.

அப்போது சுருட்டுமாயன் என்ற மந்திரவாதி கையில் மந்திரக்கோலோடு வந்தான். ராஜாவின் தொண்டையில் கட்டைவிரலை வைத்தான். விக்கல் நின்றது.

"என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"பொன் வேண்டாம், பூமி வேண்டாம். உங்கள் நாட்டில் எது சும்மா கிடக்கிறதோ அது போதும்."

இவ்வளவுதானா என்று ராஜா வாக்குக் கொடுத்துவிட்டார்.

மந்திரியைக் கூட்டிக்கொண்டு மந்திரவாதி நாட்டைச் சுற்றினான். வயலில் கேட்டால் "உழுகிறோம்" என்றார்கள். சந்தையில் கேட்டால் "விற்கிறோம்" என்றார்கள். பிறகு நண்டோடைக்கு வந்தார்கள். மருதமரக் கிளையிலிருந்து வண்டிக்காரன் சடையன் தொம்மென்று தண்ணீரில் விழுந்தான். ஆள் எருமைக்கடா மாதிரி இருப்பான்.

"என்னப்பா செய்யறே?" என்றார் மந்திரி.

"சும்மா குதிக்கிறேன் சாமி."

நாணலோடையில் மாமியார் பேச்சியும் மருமகள் செல்லமும் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "சும்மா உக்காந்திருக்கோம்" என்றார்கள்.

புங்கோடையில் பெரியவர் தாண்டவன் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். கரையில் கிடந்த தன் ஊன்றுகோலை ஒரு தரம் பார்த்தார். மந்திரியை ஒரு தரம் பார்த்தார். "சும்மா மிதக்கறேன்" என்றார்.

"மூன்று சும்மா" என்றான் மந்திரவாதி.

ஓடைகளின் தலைமாட்டுக்குப் போய், பாயைச் சுருட்டுவதுபோல ஒவ்வொன்றாகச் சுருட்டினான். வைக்கோலைக் கயிறாகத் திரித்த பிரியால் கட்டினான். மூன்றையும் தோளில் வைத்துக்கொண்டு கரடுமுரடான ஒரு மலை மேல் ஏறிப் போய்விட்டான்.

முதல் வாரம் மீன்கொத்தி மட்டும் அந்த மருதமரக் கிளையில் உட்கார்ந்து கீழே மணலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரம் அதுவும் போய்விட்டது. மூன்றாம் வாரம் கிணறுகள் இறங்கின. புங்கமரம் பூக்காததால் தேனீ வரவில்லை. சடையன் முதல்முறையாகத் தன் மாடுகளை அடித்தான். பேச்சி வீட்டில் சட்டிகள் தெருவுக்கு வந்தன. தாண்டவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தாண்டவனின் மகள் நாச்சாள். அப்பாவுக்குக் கிணறு வெட்டும்போது இடுப்பு ஒடிந்தது. தரையில் மூன்றடி வைத்தால் உட்கார்ந்துவிடுவார். புங்கோடையில் இறங்கினால் நிமிர்ந்து நடப்பார். அது நாச்சாளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் நேராக அரண்மனைக்குப் போனாள்.

"ராஜா, எங்க ஓடைகளைத் திருப்பி வாங்கிக் குடுங்க."

"கொடுத்த வாக்கு, அம்மா. அதுவும் சும்மா கிடந்ததைத்தானே கொடுத்தேன்."

"நீங்க எந்த ஓடையிலயாவது இறங்கியிருக்கீங்களா?"

"எனக்குக் குளிக்கத் தொட்டி இருக்கிறதே."

"சரி, நானே போறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

காய்ந்த ஓடை மணலில் ஒரு நீர்நாய் படுத்திருந்தது. மீசை முள்ளாக நின்றது.

"எங்கே போறே?" என்றது.

"ஓடையைக் கூட்டிட்டு வர."

"அந்தப் பிரியைக் கத்தி வெட்டாது, நெருப்பு எரிக்காது, பல் கடிக்காது. நான் கடிச்சுப் பார்த்துட்டேன்." வாயைத் திறந்து காட்டியது, முன்பல் இரண்டு இல்லை. "சும்மான்னு சொன்ன வாயே உள்ளதைச் சொன்னா அவிழும். பொய் சொன்னா நாக்கு கல்லாப்போகும்."

நாச்சாள் வந்த வழியே ஊருக்குத் திரும்பினாள். சடையனை வண்டி பூட்டச் சொன்னாள். பேச்சியையும் செல்லத்தையும் ஏற்றினாள். கடைசியில் அப்பாவிடம் வந்தாள்.

"என்னால முடியாது. ஊரே கேக்கும்" என்றார் தாண்டவன்.

"கேக்கட்டும்" என்றாள் நாச்சாள்.

மலையடிவாரத்துக்கு மேல் வண்டி போகாது. அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டாள். முதல் வளைவில், "இறக்கி விடும்மா" என்றார். "மாட்டேன்." இரண்டாம் வளைவில், "நான் தூக்கறேன் தங்கச்சி" என்றான் சடையன். அவள் கொடுக்கவில்லை. மூன்றாம் வளைவில் அவள் முழங்கால் பாறையில் மோதி ரத்தம் வந்தது. "இறக்கி விடு, நாச்சா." "மாட்டேன்."

உச்சிப்பாறையில் மந்திரவாதி மூன்று சுருளையும் அடுக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க, வாங்க. யார் நாக்கு முதல்ல கல்லாகப் போகுது?"

சடையன் தொண்டையைச் செருமினான். "ஓடைக்கு நான் போறது மாட்டுக்குத் தண்ணி காட்ட..." என்று ஆரம்பித்தான். பிரி நறநறவென்று இறுகியது. அவன் நாக்கு நுனி வெள்ளையாகிவிட்டது.

"அண்ணே, உள்ளதைச் சொல்லு!" என்று கத்தினாள் நாச்சாள்.

"குதிக்கும்போது பயமா இருக்கும்" என்றான் சடையன் குழறிக்கொண்டு. "கீழே வந்ததும் தண்ணி பிடிச்சுக்கும். என்னை அப்படிப் பிடிச்சுக்க வேற ஆள் கிடையாது."

முதல் முடிச்சு அவிழ்ந்தது. நண்டோடை விரிந்து மலையிறங்கியது.

"நீ சொல்லேன்" என்றாள் பேச்சி மருமகளிடம்.

"ஏன், வீட்டில நீங்கதானே பேசுவீங்க?"

"பாத்தியா, பாத்தியா! இதுக்குத்தான். ஓடைத் தண்ணியில கால் இருந்தா இவ மேல எனக்குக் கோபம் வராது."

"எனக்கும்தான்" என்றாள் செல்லம். "அத்தை சின்ன வயசுல ஓடிப்போகப் பார்த்த கதையெல்லாம் எனக்கு அங்கதான் சொன்னாங்க."

"அதை ஏன்டி இங்க சொல்றே!"

இரண்டாம் முடிச்சு அவிழ்ந்தது. நாணலோடை விரிந்து மலையிறங்கியது.

மூன்றாவது சுருள் மிச்சம் இருந்தது. தாண்டவன் வாயைத் திறக்கவில்லை. நிழல் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்கு நகர்ந்தது.

"இது நிஜமாவே சும்மாதான் போலிருக்கு" என்றான் மந்திரவாதி.

நாச்சாளுக்குச் சொல்லத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள். பிரி இறுகத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டாள். அப்பாவை இறக்கியும் விடவில்லை. ரத்தம் காய்ந்த காலோடு அப்படியே நின்றாள்.

அவள் கால் நடுங்குவது முதுகில் இருந்த தாண்டவனுக்குத் தெரிந்தது.

"தரையில நான் நொண்டி" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "புங்கோடையில நான் நொண்டி இல்லை. அதை வேத்தாள்கிட்ட எப்படிச் சொல்றது? அதனாலதான் சும்மான்னேன். நாங்க சும்மான்னு சொன்னா, அது எங்களுது, உனக்குச் சொல்றதுக்கில்லைன்னு அர்த்தம். யாருக்கும் வேண்டாததுன்னு அர்த்தமில்லை."

முடிச்சு அவிழ்ந்தது. புங்கோடை உதறிக்கொண்டு எழுந்தது. அந்த வேகத்தில் மந்திரவாதி பாறையில் உருண்டான். அவன் மந்திரக்கோல் வெறும் குச்சியாகித் தண்ணீரோடு போனது. ஓடை தாண்டவனை நாச்சாளின் முதுகிலிருந்து வாங்கிக்கொண்டது. அவர் மல்லாந்தபடி மிதந்து இறங்க, கரையோடு அவள் ஓடினாள். மந்திரவாதி மலைக்கு அந்தப் பக்கமாக இறங்கிப் போனான். மேட்டுப்புலத்தில் அவனை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு ராஜா புங்கோடைக் கரைக்கு வந்தார். பொன்முடிப்பை நீட்டினார்.

"வேண்டாம், ராஜா. முதல்ல இறங்குங்க" என்றாள் நாச்சாள்.

ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் கெண்டைக் குஞ்சுகள் வந்து காலைக் கொத்தின. அவருக்குக் கூசியது. வெகுநேரம் ஏறி வரவில்லை.

ஏறி வந்ததும் ஒரு செப்பேடு வெட்டச் சொன்னார். மூன்று ஓடைகளையும் யாருக்கும் கொடுக்க எந்த ராஜாவுக்கும் உரிமை இல்லை என்று அதில் எழுதினார்கள். ஓடைகளின் காவல் நாச்சாளுக்கும் அவள் வம்சத்துக்கும் என்று அடுத்த வரியில் எழுதினார்கள்.

அன்று மாலை ஊர் முழுவதும் புங்கோடையில் இருந்தது. எல்லோரும் பார்க்க, நெஞ்சளவுத் தண்ணீரில் தாண்டவன் நிமிர்ந்து நின்றார். எதிர்க்கரைவரை தன்னோடு போட்டிக்கு யார் வருகிறீர்கள் என்று கூப்பிட்டார். சடையன் வந்தான், தோற்றான்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் ஈரக்காலோடு வந்து சொன்னார்கள். நான் நம்பினேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு நம்பினால் போதும்.