துண்டுக்குள் ஒரு கை

மாட்டுச் சந்தையில் செங்கோடனிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒன்றுமில்லை. தரகு பேசியே ஆளானவன். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அப்பேர்ப்பட்டவன் ஒருவருக்கு மட்டும் பணிவான். கரட்டு அடிவாரத்தில் குடிசை போட்டிருந்த குருவுக்கு. வயதில் அவர் இவனுக்கு இளையவர்தான்.

அன்று விடியும்போதே அவன் மனைவி அங்காயிக்கு வலி கண்டது. முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது, இது இரண்டாவது. உச்சி வெயில் ஏறியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி குஞ்சாயி இடுப்புக்கு வெந்நீர் ஊற்றினாள், நீவிவிட்டாள், நடக்க வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் வலி சற்று அடங்கும்; பிறகு பழையபடி ஏறும். கடைசியில் அங்காயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, இனி தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். அவள் மனசு விட்டுவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்று குஞ்சாயி வெளியே வந்து சொன்னாள்.

செங்கோடன் கரட்டுக்கு ஓடினான்.

அவள் வலியில் பாதியைத் தன்மேல் இறக்கிவிடச் சொன்னான். பாதி ஆகாதென்றால் கால்வாசி. மொட்டையோ தீமிதியோ, எது கேட்டாலும் தருவதாகச் சொன்னான். குரு மசியவில்லை. இத்தனை நாள் காலடியில் கிடந்ததற்கு இதுகூடக் கிடைக்காதா என்று கத்தினான்.

"அவங்க கையைப் பிடிச்சுக்கங்க, செங்கோடரே."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

ஆண்கள் நுழையாத அறை. வாசலில் மறித்த பெண்களிடம் மல்லுக்கு நின்று உள்ளே போனான். வந்ததுதான் வந்தாய், மாடு பிடிக்க வந்தவன் மாதிரி நிற்காமல் தலைமாட்டில் உட்கார் என்றாள் குஞ்சாயி.

பெண்கள் முன்னால் மனைவி கையைப் பிடிக்க அவனுக்குக் கூச்சம். தோள்துண்டை எடுத்து இரண்டு கைமேலும் போட்டு மூடினான். சந்தையில் விலை பேசுவதும் அப்படித்தான். துண்டுக்குள் ஒருவன் விரலைப் பிடித்து விலை சொல்வான், மற்றவன் விரலை மடக்கிக் குறைப்பான், வெளியே ஒரு சொல் வராது.

வலி வந்தது. அங்காயி நான்கு விரலையும் சேர்த்து இறுக்கினாள். பழகிய பழக்கம், அவன் விரல்கள் தாமாகவே அவளுடையதில் இரண்டை மடக்கின. வாயும் கூடவே போனது. இவ்வளவு இருக்காது, பயத்தில் கூடுதலாகத் தெரியுது, கொஞ்சம் பொறுத்துக்கோ என்றான்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"என் வலிக்கு நீ விலை சொல்லாத."

மறுபடியும் ஓடினான். சொன்னபடி செய்தும் பலனில்லை என்று குருவிடம் சீறினான். எப்படிப் பிடித்தீர்கள் என்று அவர் கேட்டார். செங்கோடன் அவர் கையை இழுத்து, மேலே துண்டைப் போட்டு, பிடித்துக் காட்டத் தொடங்கினான். அவர் விரலில் இரண்டை மடக்கப் போன இடத்தில் அவன் விரல்கள் நின்றுபோயின.

குரு துண்டை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்பப் போங்க."

அங்காயி அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. அவன் வெறுங்கையை அவள் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அடுத்த வலியில் அவளே அதைப் பற்றினாள். எலும்பு நெரிந்தது. அவன் விரலை அசைக்கவில்லை, பேசவும் இல்லை. வலி போனதும் விட்டாள், வந்ததும் பற்றினாள். நடக்கும்போது அவன்மேல் சாய்ந்தாள். குஞ்சாயி வெந்நீர் ஊற்றும்போதும் அந்தக் கையைத் தேடினாள். ஆகாது என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

பொழுது சாயும் நேரம் பெண் குழந்தை வீறிட்டு அழுதது.

மறுநாள் காலை கரட்டுக்கு வந்தான். கை வீங்கியிருந்தது, நகம் பதிந்த இடமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று சொன்னான். பிறகு மண்ணைக் கீறியபடி கேட்டான்.

"அவளைக் கேட்டேன் சாமி. கையைப் பிடிச்சதால வலி இம்மியும் குறையலைங்கிறா. நானும் அதுல ஒண்ணும் வாங்கிக்கல. பின்ன எப்படிங்க தாங்கினா?"

குரு விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவி, வீங்கிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். செங்கோடன் பல்லைக் கடித்தான்.

"வலிக்குதுங்களா?"

"வலிக்குதுங்க."

"என் கையை எடுத்துக்கட்டுங்களா?"

செங்கோடன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.