வெளியாள் பார்க்க முடியாத படம்

"எனக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேணும்மா" என்றார் தணிகாசலம்.

ஆசிரமத்துச் சமையல்கட்டில் திலகவதி அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருதான், ஆனால் சீடரான தணிகாசலத்தைவிட வயதில் இளையவர்.

"பொறுமை எதுக்கு?"

"என் செயலி மறுபடியும் படுத்துடுச்சு."

குடும்பத்துக்குள் பேச, படம் அனுப்ப, அவரே எழுதிய செயலி அது. போன் கம்பெனிக்காரன் எதையாவது மாற்றினால் நின்றுவிடும். நின்றதைச் சொல்ல இன்னொரு நிரல் எழுதினார். அந்த நிரல் தூங்கினால் எழுப்ப மூன்றாவது ஒன்று. இப்போது மூன்றும் படுத்திருந்தன.

"முதல்ல இருந்து எழுதணும். மாசக்கணக்காகும்."

"உங்க பொண்ணு இளவெயினிக்குக் கனடாவுல குழந்தை பிறந்துச்சே?"

"ஆமாம்மா, பேரன். படம் அனுப்பியிருக்கா. செயலிக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

"வேற எதுலயாவது அனுப்பச் சொல்றது."

"கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். எவனோ செஞ்ச செயலியில வீட்டுப் படத்தைப் போடலாமா? என்னோடதுல வெளியாள் ஒருத்தர்கூடப் பார்க்க முடியாது."

"நீங்க பார்த்தீங்களா?"

தணிகாசலமும் ஒரு கீரைத்தண்டை எடுத்து ஆய ஆரம்பித்தார்.

அம்மையார் கையைத் துடைத்துவிட்டுத் தம் போனை எடுத்துப் பார்த்தார்.

"காது அப்படியே உங்க காது."

"உங்களுக்கு எப்படிம்மா...?"

"இளவெயினி எல்லாருக்கும் அனுப்பினா. தோட்டக்காரர்கூடப் பார்த்துட்டார்."

தணிகாசலம் கையை நீட்டினார். "ஒரே ஒரு தடவை காட்டுங்க."

"இது எனக்கு வந்தது" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மையார் கீரைக்குத் திரும்பினார்.

தணிகாசலத்துக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்று பார்த்தார். தன்னைத் தவிர வேறு ஆள் அகப்படவில்லை.

பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். முன்பே அதில் வந்துசேர்ந்திருந்த பழைய படங்களையெல்லாம் தனியே எடுத்து வைத்தார். பிறகு செயலியை அழிக்க ஆரம்பித்தார்.

"யோசிச்சுத்தான் செய்றீங்களா?"

"யோசிச்சா செய்ய மாட்டேன்மா."

மூன்றும் போயின. ஊரே வைத்திருக்கும் செயலியைப் போனில் இறக்கினார். மகளுக்கு எழுதினார்: 'அப்பா. இனிமே இதுலதான். குழந்தை படம் அனுப்பு.'

உடனே பதில் வந்தது.

'படம் எதுக்குப்பா? முழிச்சுத்தான் இருக்கான்.'

போனில் வீடியோ அழைப்பு அடித்தது.